433 மில்லி விநாடி: டிவியிலும் கணினியிலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் டிரைவ் இம்பாக்ட் என்று ஓர் அடி உண்டு. எதிராளி அதைத் தொடங்கியதிலிருந்து நம்மேல் விழ 26 ஃபிரேம் ஆகும். ஃபிரேம் என்பது ஆட்டம் திரையில் காட்டும் ஒரு படம். ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுவதால், ஏறத்தாழ 433 மில்லி விநாடி. அதற்குள் நாமும் அதே அடியைத் திருப்பிக் கொடுத்தால் சரிந்து விழுவது அவர். தவறினால், அதுவும் மூலையில் மாட்டியிருக்கும்போது தவறினால், சுற்று பெரும்பாலும் கைவிட்டுப் போகும். பிளேஸ்டேஷன் 5-இல் மூன்று மாதம் கைல் என்ற கதாபாத்திரத்தை வைத்து ஆடியும் எனக்கு இந்தத் திருப்பியடி பிடிபடவில்லை.

"கணினிக்கு மாறிடுங்க, அதுல பட்டன் உடனே கேட்கும்" என்றார் கூட ஆடும் நண்பர். ஆட்டத்தைத் தயாரித்த காப்காம் இலவசமாகத் தரும் பெஞ்ச்மார்க்கை, அதாவது கணினியின் திறனைச் சோதிக்கும் நிரலை, ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக் கணினி தாங்கும் என்று தெரிந்ததும் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கினேன். பிளேஸ்டேஷனில் ஏறிய ரேங்க்கும் அங்கே வாங்கிய கதாபாத்திரங்களும் இங்கே வராது. மாற நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று தோன்றியது. பயிற்சிப் பகுதியில் பொம்மைக்கு மூன்று செயல்களைப் பதிவு செய்தேன்: டிரைவ் இம்பாக்ட், குனிந்து ஓர் உதை, ஒரு பிடி. எது எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றி வரவைத்தேன். அப்புறம், பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரிய, விநாடிக்கு 240 படம் எடுக்கும் போன் கேமராவில் பிடித்தேன். விரல் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து கைல் அசையும்வரை எத்தனை படம் என்று எண்ண வேண்டும். ஒரு படம் நான்கு மில்லி விநாடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு அமைப்புக்கும் பத்துப் பதிவு எடுத்துச் சராசரி பார்த்தேன்.

ஹாலில் இருக்கும் டிவியில் 45 படம் வந்தது, அதாவது 187 மில்லி விநாடி. அடி விழ ஆகும் 433-இல் அதைக் கழித்தால், பார்த்து, புரிந்து, அழுத்த எனக்கு மிஞ்சியது கால் விநாடிதான். 20 டிரைவ் இம்பாக்ட்டில் நான்கைத்தான் திருப்பினேன். அதே கன்ட்ரோலரைக் கேபிளில் கணினியோடு இணைத்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடியபோது 19 படம். பன்னிரண்டு திருப்பினேன். நண்பர் சொன்னது சரிதான் என்றே நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். ஒரு சுற்று ஆடிவிட்டு, "அண்ணா, படம் வழவழன்னு தெரியணும்னு டிவில ஏதோ போட்டு வச்சிருக்க. அதை எடுத்துட்டு கேம் மோட் போடு" என்றான். போட்டேன். மறுபடி அளந்தால் 20 படம்! 187 மில்லி விநாடி 83 ஆகிவிட்டது. பிளேஸ்டேஷனும் கன்ட்ரோலரும் கையும் அதேதான். குறைந்தது ஆட்டக் கணக்கில் ஆறு ஃபிரேம். பல குத்துகள் கிளம்பவே அவ்வளவு நேரம்தான் ஆகும். 20-இல் பதின்மூன்று திருப்பினேன். மூன்று மாதம் என்னைத் தடுத்தது பிளேஸ்டேஷன் அல்ல. ஒவ்வொரு படத்தையும் பிடித்துவைத்து மெருகேற்றி அனுப்பிக்கொண்டிருந்த டிவிதான்.

கணினியிலும் ஒன்று பாக்கி இருந்தது. அமைப்புகளில் வி-சிங்க் இயங்கிக்கொண்டிருந்தது; படம் கிழியாமலிருக்க, திரை புதுப்பிக்கும் நேரம்வரை ஒவ்வொரு படத்தையும் காக்கவைக்கும் வசதி அது. அதை அணைத்ததும் 13 படம், 54 மில்லி விநாடி. திரையில் எப்போதாவது கிடைக்கோட்டில் படம் கிழிந்தாற்போல் தெரியும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. ஆக, சரியாக அமைத்த டிவிக்கும் சரியாக அமைத்த கணினிக்கும் இடைவெளி இரண்டு ஃபிரேமுக்கும் கீழே. அது விரலுக்குத் தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பியடியின் எண்ணிக்கை பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குத்தான் போனது.

விசைப்பலகையிலும் ஒரு வாரம் ஆடினேன். திசைகள் துல்லியமாக விழுகின்றன. பின்னால் அழுத்திப் பிடித்து முன்னால் தட்டி, கைல் தூரத்திலிருந்தே வீசும் சோனிக் பூம் அடிக்கு அருமை. ஆனால் என்னுடைய சாதாரண அலுவலக விசைப்பலகையில் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகவே இல்லை. கன்ட்ரோலருக்கே திரும்பிவிட்டேன்.

இணையத்தில் ஆடும்போது இந்த எண்கள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. எதிராளி என்ன அழுத்துவார் என்று ஆட்டம் ஊகித்து ஓட்டுகிறது. ஊகம் பிசகினால் பின்னோக்கிப் போய்த் திருத்துகிறது. இதைத்தான் ரோல்பேக் என்கிறோம். வைஃபை தடுமாறும்போது திருத்தம் பெரிதாகி, அடியின் முதல் ஃபிரேம்களே கண்ணுக்குத் தெரியாமல் போகும். ரவுட்டரிலிருந்து அறைவரை சுவரோரமாக லேன் கேபிள் இழுத்தேன். 20 மீட்டர் கேபிள்தான். இவ்வளவு முயற்சியில், கேம் மோடுக்கு அடுத்தபடி அதிகம் பலன் கொடுத்தது அதுதான்.

இப்போது ரேங்க் ஆட்டங்கள் கணினியில். தம்பி வரும் நாட்களில் டிவியில், இரண்டு கன்ட்ரோலர், ஒரே சோபா. நேற்று அவன் ஆடும் சான்கீஃப் என்ற கதாபாத்திரம் என்னை மூலையில் வைத்துப் போட்ட டிரைவ் இம்பாக்ட்டைத் திருப்பி அடித்தேன். அடுத்து, கைல் சோனிக் பூம் வீசிய பின் வரும் டிரைவ் இம்பாக்ட்டையும் பொம்மையில் சேர்த்துப் பழக வேண்டும். அங்கே கைல் வீசிய கையை மீட்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.