விம்கோ நகர் வரைக்கும் தூங்கியவன்

சென்னை மண்ணடியில் மெட்ரோ ஏறினால் நான் இறங்க வேண்டிய தண்டையார்பேட்டை மூன்றாவது ஸ்டேஷன். 2023 ஜூலையில், ஒரே வாரத்தில் இரண்டு முறை, அந்த மூன்று ஸ்டேஷனுக்குள் தூங்கிப்போய், லைனின் கோடியில் இருக்கிற விம்கோ நகரில் கண் விழித்தேன். முதல் முறை செக்யூரிட்டி தட்டி எழுப்பினார். இரண்டாவது முறை அதே ஆள், "நைட் டூட்டியா சார்?" என்று கேட்டார். கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஏது நைட் டூட்டி? பத்தரைக்குப் படுத்தால் காலை ஆறரை வரை குறட்டைதான்.

மெட்ரோவுக்கு மாறியதே தூக்கத்தால்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்திய இடத்திலேயே தலை கவிழ்ந்துவிட்டது. கேட் திறந்து, பின்னால் எல்லாரும் ஆரன் அடிக்கிறார்கள், எனக்கு உறைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

குறட்டையை எங்கள் வீட்டில் யாரும் வியாதியாக நினைத்ததில்லை. "அலைஞ்சிட்டு வந்து அசந்து தூங்குது புள்ள" என்பாள் அம்மா. பக்கத்துப் போர்ஷன் தம்பி மட்டும் காலையில் பைப்படியில் பார்த்தால், "அண்ணே, நேத்து நைட்டு ஃபுல் லோடு போல" என்பான். எல்லாரும் சிரிப்போம். ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்கு எழுந்தேன். சுகர் பார்த்தால் இல்லை. காலையில் தலை கனத்தது. 43 வயதில் பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அதிலும் இறங்கவில்லை. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் மனைவி தன் போனை நீட்டினாள். இருட்டில் எடுத்த வீடியோ. லாரி மேடேறுகிற மாதிரி குறட்டை, அப்புறம் சட்டென்று நின்றது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் அவள் குரல், முணுமுணுப்பாக: "முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... முப்பத்தேழு..." பிறகு அவள் கை வந்து என் தோளை உலுக்கியது. கடலில் முங்கி எழுந்தவன் மாதிரி நான் மூச்சை இழுத்தேன். அடுத்த நிமிடம் மறுபடி குறட்டை. ஒரு வருடமாக இப்படி எண்ணிக்கொண்டிருந்தாளாம். "சத்தம் கேட்டா நிம்மதிங்க, நின்னாதான் பயம்" என்றாள்.

முதலில் பார்த்த டாக்டர் தூக்கம் பற்றவில்லை என்று தூக்க மாத்திரை எழுதினார். அந்த நான்கு நாள்தான் மிக மோசம். தொண்டையில் ஏற்கெனவே தளர்கிற தசையை அந்த மாத்திரை இன்னும் தளர்த்தும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்துப் பார்த்த நுரையீரல் டாக்டர் வீடியோவை அரை நிமிடம் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை, இஞ்ச் டேப்பை எடுத்து கழுத்தை அளந்தார். 43 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 40-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். அப்புறம் எட்டுக் கேள்வி. டிவி பார்க்கும்போது, படிக்கும்போது, வண்டி டிராஃபிக்கில் நிற்கும்போது தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மார்க். கொருக்குப்பேட்டை கேட்டுக்கு யோசிக்காமல் 3 போட்டேன். 24-க்கு 17. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நல்ல மார்க் வாங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். தலையில், கண்ணோரம், தாடையில், காலில் ஒயர். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட். மூக்கில் குழாய், விரலில் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று டெக்னீஷியன் பையனிடம் கேட்டேன். "நீங்க தூங்கிருவீங்க சார்" என்றான். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேனாம். காலையில் தலைமுடியில் ஒட்டிய பேஸ்ட் போக மூன்று தடவை சீயக்காய் போட வேண்டியிருந்தது.

ரிப்போர்ட்டில் இருந்த எண் 47. ஒரு மணி நேரத்தில் அத்தனை தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. 5-க்குக் கீழே சாதாரணம், 30-க்கு மேல் கடுமை. ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. தூங்கும்போது தொண்டை தளர்ந்து வழி அடைக்கிறது, மூளை பதறி உலுக்கி எழுப்புகிறது, ஆனால் நமக்கு விழித்த ஞாபகமே இருக்காது என்றார் டாக்டர். தூக்கத்தில் மூச்சு நிற்கிற இந்த வியாதிக்கு ஸ்லீப் ஆப்னியா என்று பேர். ராத்திரி ஒன்றுக்கு எழுவதும், இறங்காத பிரஷரும் இதே கணக்கில்தான் வந்தன. அப்போது இதற்கு மருந்து என்று பெரிதாக இல்லை; எடையைக் குறைக்க வேண்டும், சிபாப் மெஷின் வைக்க வேண்டும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிற மெஷின் அது. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்தது.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. சாகும்வரை முகத்தில் குழாயா என்றுதான் ஓடியது. முதல் மாதம் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். அது ஒன்றுதான் நான் யோசித்துச் செய்தது. முதல் வாரம் சராசரி 40 நிமிடம். காலையில் பார்த்தால் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற அந்த மாஸ்க் என் மீசையில் உட்காரவில்லை. காற்று மேலே கசிந்து கண்ணில் அடித்தது. ஆபீஸில் "மெட்ராஸ் ஐ-யா?" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். "மீசையை எடுத்துட்டா பக்காவா உட்காரும் சார்" என்றான் மெஷின் கொண்டுவந்த பையன். அப்பா காரியத்துக்கு எடுத்த மீசை. அதற்கப்புறம் கத்தி பட்டதில்லை. மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் பையைக் கிளறி, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் ஒன்றை எடுத்தான். அதை முதலிலேயே காட்டியிருக்கலாம்.

பழக்கியது டிவிதான். சாயங்காலம் அரை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு செய்தி பார்ப்பேன், தூங்குவதற்காக இல்லை, சும்மா. பேரன் பேத்திக்குப் பயங்காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா எழுந்து போய்விடுவாள். ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் மெஷினில் ஆறு மணி நேரம் என்று காட்டியது. மூச்சு நின்ற கணக்கு மணிக்கு 3. அன்று ராத்திரி ஒன்றுக்கு எழவே இல்லை.

நம்ம ஏரியாவுக்கென்று சில விஷயம் உண்டு. ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் எங்கள் வீடு, பதினைந்தே நாளில் கறுத்துவிடும். அந்த ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், மணலி ஃபேக்டரி வாடையைப் பிடிக்காது. ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றிய நான்கே நாளில் தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. தண்ணீரைச் சூடாக்குவதுதான் கரண்டை அதிகம் இழுக்கும் என்பதால் அதை நிறுத்தி, இன்வெர்ட்டரில் முதல் ராத்திரியை ஓட்டினேன். இரண்டாம் ராத்திரி மல்லாந்து புரளாதபடி பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தாள் மனைவி. ஒருக்களித்தே படுத்தேன். அவள் தூங்கவில்லை.

பைக் சாவி பீரோவிலிருந்து பொங்கலுக்கு வெளியே வந்தது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவொற்றியூர் மண்டபத்தில் எல்லாரும் வரிசையாகப் படுத்திருந்தோம். பக்கத்தில் என் தம்பி. குறட்டை நின்றது. நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன். காலையில் வீடியோவைக் காட்டி டாக்டரிடம் போகச் சொன்னேன். புரட்டாசி போகட்டும் என்கிறான்.