எரிந்த ஊரில் ஒரு களிமண் முத்திரை

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இரண்டு தடவை எனக்கு, எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11 வந்திருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறட்டும், அப்புறம்தான் என்கிறது அது. அந்தக் கடிதம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் எருசலேமுக்குப் போனேன் என்றால் அது பொய். எல்லாரையும் போல ஆண்டவர் நடந்த இடங்களைப் பார்க்கத்தான் போனேன். எரேமியா நடுவில் வந்து மறித்துக்கொண்டார்.

பழைய மதிலுக்குத் தெற்கே சரிவாக இறங்குகிறது தாவீதின் நகரம். ஏகப்பட்ட படிகள், முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் போகவும். கீழே, பாபிலோனியர் கி.மு. 586-இல் கொளுத்திய வீடுகளின் அடித்தளங்கள். அதில் ஒரு வீட்டில் நடுவே துளையிட்ட கல் ஒன்று இருக்கிறது. கழிப்பறை இருக்கையாம். எங்கள் குழு அதைத்தான் அதிகமாகப் படம் எடுத்தது.

வழிகாட்டி சாம்பலைப் பற்றிச் சொன்னார். 1982-இல் யிகால் ஷிலோவின் அகழாய்வில் அங்கே ஒரு வீட்டில் 50-க்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான். சுருள்களை நூலால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி முத்திரை குத்துவார்களாம். தீயில் சுருள்கள் போய்விட்டன. களிமண் மட்டும் சுட்ட செங்கல்லைப்போல இறுகி நின்றுவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும் பெயர் சாப்பானின் குமாரன் கெமரியா.

எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் வருகிற அதே பெயர். எரேமியா சொல்லச் சொல்ல எழுதின பாருக்கு என்பவர் அந்தச் சுருளை ஜனங்களுக்கு வாசித்தது இந்தக் கெமரியாவின் அறையில்தான். பிறகு அது யூதாவின் ராஜா யோயாக்கீமிடம் போனது. குளிர்காலம், முன்னால் கணப்பு எரிகிறது. மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, அவ்வளவையும் கத்தியால் அறுத்து ராஜா நெருப்பில் போட்டான். வேண்டாம் என்று கெஞ்சினவர்களில் கெமரியாவும் ஒருவர். ராஜா கேட்கவில்லை. எரேமியா திரும்பவும் சொல்லச் சொல்ல, இன்னும் அதிக வார்த்தைகளோடு பாருக்கு எழுதினார். அப்புறம் ஊரே எரிந்தது. அந்த நெருப்புதான் கெஞ்சினவருடைய பெயரைச் சுட்டு எடுத்து வைத்திருக்கிறது. நியாயத்தீர்ப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அன்று ராத்திரி விடுதியில் தூக்கம் வரவில்லை. எரேமியாவையே விட்ட இடத்திலிருந்து படித்தேன். 34-ஆம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன். முற்றுகை நடக்கிறது. சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் பயந்துபோய், எபிரெய அடிமைகளை விடுதலை செய்கிறோம் என்று உடன்படிக்கை செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடக்கிறார்கள். சரி, மனந்திரும்பிவிட்டார்கள். அந்தச் சமயம் எகிப்தின் சேனை புறப்பட்டு வர, பாபிலோன் படை கொஞ்சம் விலகுகிறது. உடனே விட்டவர்களைத் திரும்பப் பிடித்து வந்து வேலை வாங்குகிறார்கள்.

எனக்கும் இதே கதைதான். போன வருஷம் வயிற்றில் கட்டி என்று பயாப்ஸி எடுத்தார்கள். முடிவு வர ஆறு நாள். தோட்டத்தில் வேலை பார்க்கிற அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு என்னிடம் வாங்கின 40,000 ரூபாயையும் வட்டியையும் விட்டுவிடுகிறேன் என்று முழங்காலில் நின்று சொன்னேன். முடிவு நல்லபடியாக வந்தது. சபையில் சாட்சியும் சொன்னேன். அடுத்த மாசம் ஒன்றாம் தேதி வழக்கம்போல வட்டி வாங்கினேன்.

மறுநாள் ஸ்கோபஸ் மலையிலிருந்து வடகிழக்கே அனாத்தா ஊரைக் காட்டினார்கள். எரேமியாவின் சொந்த ஊரான ஆனதோத் அந்தப் பக்கம்தான். பேருந்து அங்கே போகாது, நடுவே தடுப்புச் சுவர். ஊர் விழப்போகிறது என்று சொன்னதற்காகக் காவலில் கிடந்த மனுஷன், ஊரைச் சுற்றி எதிரி நிற்கிறபோது, ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினார். சாட்சிக் கையெழுத்து, முத்திரை, பத்திரத்தில் இரண்டு பிரதி. கெடாமல் இருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இங்கே மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்பது அவருக்குக் கிடைத்த வார்த்தை. அட்டையில் எடுத்ததல்ல, கைக்காசு கொடுத்து நம்பினது.

கடைசியாக இன்னோம் பள்ளத்தாக்கு. பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் என்று எரேமியா பெயர் சொல்லிச் சபித்த பள்ளம். இப்போது புல்தரை, நிழல், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள். அதற்கு மேலேயுள்ள சரிவில், பாறையில் வெட்டின கல்லறை ஒன்றில் 1979-இல் கேப்ரியேல் பார்கேயின் குழு இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. சாயங்காலம் அருங்காட்சியகத்தில் பார்த்தோம். சின்னது விரல் அகலம்கூட இல்லை. அதில் கீறியிருப்பது, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." ஆராதனை முடிவில் சபை ஐயர் இதைச் சொல்ல ஆரம்பித்தாலே செருப்பு எங்கே கிடக்கிறது என்று யோசிக்கிற ஆள் நான். எங்களோடு வந்த ஒரு பாட்டி கண்ணாடிக்கு நேரே நின்று முழுவதையும் சத்தமாகச் சொல்லி முடித்தார். காவலர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே திரும்பிப் போனார். வரும்போது கையில் நாலாக மடித்த நோட்டுகள் இருந்தன.

"ஒன்னாந் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே சார்" என்றார்.