பங்குனி வெயிலும் கூந்தன்குளத்துப் பறவைகளும்

பறவை பார்க்கக் கூந்தன்குளத்துக்கு ஆட்கள் திரண்டு வருவது பொங்கல் விடுமுறையில். நம்மைக் கேட்டால், மாசி பாதியிலிருந்து பங்குனி முடிய வாருங்கள் என்போம். மார்கழியில் குளம் நிறைந்து கிடக்கும்போது பறவைகள் நட்டநடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கல்யாணப் பந்தியைத் தெருமுனையில் நின்று பார்க்கிற மாதிரிதான். பிசானப் பருவ நெல்லுக்கு மடை திறந்து, வெயிலும் ஏறி, தண்ணீர் இறங்க இறங்கக் குளத்து மீன் எல்லாம் குறுகிய இடத்தில் சேரும். பறவைகளும் அங்கேதான் வரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மேப்பில் கூடங்குளம் என்று அடித்துவிட்டு அணுமின் நிலையத்துப் பக்கம் போய் நிற்காதீர்கள். இது கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலிக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர், மூலைக்கரைப்பட்டி வழி. கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்த 129.33 ஹெக்டேர் 1994-இல் சரணாலயம் ஆனது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இப்போது இருக்கிறது.

போனதும் பறவையைத் தேடாதீர்கள், தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். ஈரச் சேற்றில் உப்புக்கொத்தியும் சின்ன உள்ளான்களும் ஓடும். கணுக்கால் தண்ணீரில் நெடுங்கால் உள்ளானும் அரிவாள்மூக்கனும். அதற்கு உள்ளே மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன். கால் எட்டாத ஆழத்தில் கூழைக்கடா, நீர்க்காகம், முக்குளிப்பான். அந்தந்தப் பறவையின் கால் நீளம்தான் கணக்கு. மடைவாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், மடையானும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் கிட்டத்திலேயே கிடைக்கும்.

மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதை ஒரு பத்து நிமிஷமாவது பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, இடமும் வலமுமாகத் துழாவும். காலால் சேற்றைக் கிளறும், சட்டென்று ஒரு சிறகை விரிக்கும். மிரண்டு ஓடுகிற மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடு உணர்ச்சிதான். அதனால் கலங்கல் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் நத்தைக்குத்தி நாரை நின்றால் அலகின் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பறவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இளசுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது.

கூடுகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் இருக்கும். தலைக்கு மேலே குஞ்சுகள் ஓயாமல் கத்தும். மரத்தடியில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எச்சம் கலந்த தண்ணீரும் மண்ணும் வயலுக்கு உரம். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற நம்மவர்கள்தான் காரில் பாட்டைப் போட்டுக்கொண்டு நுழைவது.

மத்தியானம் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்கும். படத்துக்காக மரத்தை நெருங்கினால் அது எழும்பிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டையைக் காக்கை தூக்கிவிடும், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிவிடும். கை தட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்கிற ஆட்களை நேராகவே கண்டியுங்கள், தப்பில்லை.

வாத்துகளைப் பார்க்க மாசியிலேயே வந்துவிடுங்கள். இமயத்தைத் தாண்டிப் போகிற வரித்தலை வாத்து பங்குனியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புப் பட்டை, அதுதான் அடையாளம். நீலச்சிறகி வாத்தில் ஆணுக்கு இந்தச் சமயத்தில் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். மீசை ஆலாவின் வயிறும் கருக்கத் தொடங்கும். மார்கழியில் வந்தவர்களுக்கு இது கிடைக்காது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் நல்ல நேரம். ஒன்பதரைக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் படம் கரைந்துதான் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், காலையில் கிழக்குக் கரை என்றால் மாலையில் மேற்கு. மேலே காய்ந்து வெடித்த சேற்றை நம்பி இறங்காதீர்கள், அடியில் முழங்கால் வரை உள்வாங்கும். கரையில் சீமைக்கருவேல முள் செருப்பையும் துளைக்கும், பைக் டயரையும் துளைக்கும்.

கூட்டத்தை எண்ண ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போகலாம்.

மழை பொய்த்த வருஷம் கூந்தன்குளம் பங்குனிக்கு முன்பே வற்றிவிடும். அப்போது விஜயநாராயணம், ராஜவல்லிபுரம் குளங்களைப் பாருங்கள், திருநெல்வேலி டவுன் நயினார்குளத்தையும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவை அடையும் அந்த இடம் 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரைப் பாறையில் மீன் செதிள் கலந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாயின் வேலை. அதிகாலையில் சத்தமில்லாமல் காத்திருந்தால் நீர்நாயே தலை காட்டலாம்.

மாலை ஐந்தரைக்கு மேல் வானத்தைப் பாருங்கள். சூறைக்குருவிகள் சித்திரைக்குள் மத்திய ஆசியாவுக்குத் திரும்பிவிடும், அதற்கு முன் கூட்டம் கூட்டமாக முள்மரங்களில் அடைய வரும். வல்லூறோ பூனைப்பருந்தோ குறுக்கே வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரு பந்தாகச் சுருண்டு, கருத்து, மறுபடி விரியும். இருட்டுகிற நேரத்தில் திடீரென்று மரத்துக்குள் கொட்டிவிட்டதுபோல இறங்கும். அதன் பிறகு அரை மணி நேரம் அந்த மரம் பேசிக்கொண்டே இருக்கும்.