கணக்கெடுப்பு நாளில் எழுதாமல் விட்டது

அரசிதழை ஊரில் யாரும் வாங்கிப் படிப்பதில்லை. சாலை அகலமாகப் போகிறது என்பது சுவரில் சிவப்புப் பெயிண்ட் விழும்போதுதான் தெரியும். '12/340 இடது' என்று எழுதியிருந்தால், பன்னிரண்டாவது கிலோமீட்டரைத் தாண்டி 340 மீட்டரில் இடது பக்கம் இருக்கும் கட்டடம் என்று பொருள். சாலைக்காக இடமோ வீடோ கடையோ இழப்பவர்களைக் கணக்கெடுக்க வருகிறவர் நிரப்பும் படிவம் ஒன்று அந்த எண்ணுக்கு உண்டு. அதில் எழுதப்படுவதுதான் அதற்குப் பிறகு அந்தக் குடும்பம். இரண்டு வருஷம் கழித்து இழப்பீட்டுப் பணம் குறைந்து வந்தாலும், வராமலே போனாலும், காரணம் தேடிப் போனால் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தாளில்தான் போய் நிற்கிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் அந்தத் தாளுக்கு இன்னும் கூடுதல் கனம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று சாலையோரமாகவே போனால், பட்டா கையில் இல்லாதவர்கள் நிறையப் பேர். நத்தம், ரோட்டுப் புறம்போக்கு, கண்மாய்க் கரை, கடற்கரைப் புறம்போக்கு என்று தலைமுறையாக இருப்பவர்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் பட்டா இல்லாமல் கீற்றுக் குடிசையில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை மட்டும் வந்துவிட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இவர்களின் நிலை மாறும். 2003-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு சாலைத்துறைத் திட்டத்தில் கட்டுமாவடி, இராமநாதபுரம், தூத்துக்குடி வழியான கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் வேலைகளில் நிலம் சொந்தமா என்ற கேள்வி இழப்பீட்டை முழுக்கத் தடுக்காது. புறம்போக்கில் இருந்தாலும் கட்டடத்துக்கு மாற்றுச் செலவு உண்டு. மாற்றுச் செலவு என்றால் தேய்மானம் கழிக்காமல், அதே கட்டடத்தை இன்றைய விலையில் மறுபடி கட்ட ஆகும் தொகை. அரசின் சொந்தப் பணத்தில் நடக்கும் வேலையில் அதே ஆளுக்குப் பெரும்பாலும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ்தான் மிஞ்சும். பரமக்குடி–இராமநாதபுரம் 46.7 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆக, பெயிண்ட் டப்பாவுக்கு இந்த மாவட்டத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

புறம்போக்கில் இருப்பவருக்குக் கணக்கெடுப்பு நாள்தான் கடைசி நாள். அதற்குப் பிறகு வந்தவர் கணக்கில் சேர மாட்டார். அதற்கு முன்பே இருந்தோம் என்று காட்ட எது வேண்டும்? வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு. இவை எல்லாவற்றையும் விட வலுவானது பி-மெமோ ரசீது. ஆக்கிரமிப்புக்காக வருவாய்த்துறை போட்ட அபராதத்தைக் கட்டிய சீட்டு அது. இன்ன வருஷம், இன்ன சர்வே எண்ணில், இவ்வளவு சென்டில் இந்த ஆள் இருந்தார் என்று அரசே எழுதிக்கொடுத்த சாட்சி. ஆனால் அளக்க வருகிறவர்களைக் கண்டதும் பலரும் முதலில் ஒளித்துவைப்பது அதைத்தான். அபராதச் சீட்டைக் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தகரப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே மடித்துக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிவத்தோடு நகல் வைக்காத கணக்கெடுப்பாளர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். புறம்போக்கு மரங்களின் பலனை அனுபவிக்கக் கொடுத்த 2சி பட்டாவும் அப்படித்தான். கேட்டால்தான் வெளியே வரும்.

அளவெடுப்பதில் என்ன தவறுகிறது என்பதற்கு ஒரு டீக்கடை போதும். படிவத்தில் 'கீற்றுக் கொட்டகை, 10க்கு 12 அடி' என்று முடிந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தால் கொட்டகைக்கு முன்னால் 8 அடிக்குப் பந்தல், அதன் கீழ் சிமெண்ட் பெஞ்சு இரண்டு, பாய்லருக்குச் செங்கல் மேடை, மின் மீட்டர், பக்கவாட்டில் குடிநீர்க் குழாய். வியாபாரம் நடப்பது அந்தப் பந்தலுக்குக் கீழேதான். காலையில் இட்லி அவித்துக் கொண்டுவந்து வைக்கும் ஒரு பெண்மணி உண்டு. மத்தியானத்துக்கு மேல் அதே நிழலில் மீன் கூடையை இறக்கி விற்கும் இரண்டு பேர் உண்டு. கடை போனால் நாலு பேர் பிழைப்பு போகும். தாளில் இருப்பது ஒருவர் பெயர். உரிமையாளர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர் என்றால் குழப்பம் இன்னும் கூடும். வாடகைக்காரரின் பெயர் விட்டுப்போய், கடைக்கான தொகை முழுவதும் மதுரையில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போய்ச் சேரும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்பதோடு நிற்கக் கூடாது. "ஏத்தா, இந்த வீட்ல அடுப்பு எத்தனை?" என்று கேட்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் வயது வந்த மகனோ மகளோ தனிக் குடும்பம். விதவை, மணமுறிவு பெற்றவர், குடும்பம் கைவிட்ட பெண் எல்லாரும் தனிக் குடும்பம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, வீடு இழந்து இடம்பெயரும் குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 36,000, சாமான் ஏற்றிப்போக 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000. கூட்டினால் 1,36,000. மாட்டுக் கொட்டகைக்கோ பெட்டிக்கடைக்கோ குறைந்தது 25,000 தனி. 2015 ஆகஸ்ட் 28 ஆணைக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் இந்த அட்டவணை பொருந்தும். ஒரு ரேஷன் கார்டு, மூன்று அடுப்பு உள்ள வீட்டை ஒரே குடும்பமாக எழுதினால் அந்த வீட்டுக்கு 2,72,000 ரூபாய் நஷ்டம். எழுதுகிறவருக்கு மிச்சமாவது இரண்டு தாள்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் கணக்கை மாற்றும். ராத்திரி கடலுக்குப் போனவர்கள் காலையில் தூங்குவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் வளைகுடா நாடுகளில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அப்போது பலர் கேரளத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான். அது தடைக்காலத்துக்குள் விழுந்தால், வீட்டில் இருப்பவர் கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு இருக்காது. வளைகுடாவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே தனக்காக வேறொருவர் கையெழுத்துப் போட அதிகார ஆவணம் (பவர்) அனுப்பினாலும், அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லாமல் ஆவணம் வீணாகிப்போவது பரிதாபம்.

பட்டா நிலத்துக்கான கணக்கு சிக்கலாகத் தெரிந்தாலும் சுருக்கமானது. பத்திரப்பதிவுக்கு அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் மூன்று வருஷத்தில் நடந்த கிரையங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அது சந்தை மதிப்பு. சென்ட் 20,000 என்று வைத்துக்கொண்டால் 3 சென்டுக்கு 60,000. கிராமப்புற நிலத்துக்கு அதைப் பெருக்கும் காரணி 1.25 என்றால் 75,000. கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் ஆறுதல் தொகை அதே அளவு சேர்ந்து 1,50,000. இதோடு சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 7,200. பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்து எழுதியிருந்தால், அந்தக் குறைச்சல் இங்கே இரண்டரை மடங்காகத் திரும்பி வரும். பட்டா தாத்தா பெயரில் நின்றுபோயிருந்தால் வாரிசுச் சான்று வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் தொகை டெபாசிட்டில் கிடக்கும்.

கிணறு விஷயத்தில்தான் மனசு ஆறுவதில்லை. இந்தக் கரையில் நல்ல தண்ணீர் மணலுக்குள் மெல்லிய தட்டாக, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. பத்துப் பதினைந்து அடியில் இனிக்கும் ஊற்று, இன்னும் கொஞ்சம் தோண்டினால் கரித்துவிடும். படிவத்தில் கிணறு என்றால் இத்தனை சிமெண்ட் உறை, இத்தனை அடி ஆழம், அதற்கு இவ்வளவு ரூபாய். உறைக்கு விலை போட்டாயிற்று; தண்ணீருக்கு யாரும் போடவில்லை. மாற்று இடம் பார்க்கும்போது அங்கே ஒரு குழி தோண்டி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் குடித்துப் பார்க்க வேண்டும். அதையும் சித்திரை வைகாசியில் செய்ய வேண்டும். கார்த்திகையில் மழை பெய்து முடிந்ததும் தோண்டினால் எந்தக் குழியும் இனிக்கும். அதை நம்பி வீடு கட்டிக்கொண்டு போனவர்கள் அடுத்த கோடையில் குடம் பத்து ரூபாய் என்று வண்டித் தண்ணீர் வாங்குவார்கள்.

பனை மரத்திலும் இதே கதைதான். மரத்துக்கு உரியவருக்கு மரத்தின் விலை கிடைக்கும். அதே மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்து ஏறுகிற பனையேறிக்கு ஒன்றும் கிடையாது. மூன்று வருஷம் அங்கே வேலை செய்து, அதுதான் முக்கியப் பிழைப்பு என்றால் அவரும் சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் மரத்தடியில் அவர் வீடு இல்லை, அதனால் படிவமும் இல்லை. சாயல்குடி வட்டாரத்தில் கணக்கெடுப்பை பதநீர் இறங்கும் மாதங்களில் வைத்தால் யார் எந்த மரத்தில் ஏறுகிறார் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஐப்பசியில் போனால் மரம் மட்டும்தான் நிற்கும்.

ஒரு சென்ட் நிலம்கூட இழக்காதவர்களும் இழக்கிறார்கள். சாலை மட்டம் இரண்டு மூன்று அடி உயர்ந்துவிட்டால் வீட்டு வாசல் பள்ளமாகும். கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் சாலைக்கு அடியில் எங்கே கடக்கிறது என்பதை வயசான விவசாயி ஒருவரை அழைத்துப்போய்க் கேட்காமல் குழாய்ப் பாலம் போட்டால், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சொல்லும். இவர்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. படிவத்தின் ஓரத்திலாவது 'வாசல், சாலை மட்டம்: இத்தனை அடி' என்று குறித்துவைத்தால், பின்னால் வடிகால் கேட்க ஒரு ஆதாரம் இருக்கும்.

கோயில், குருசடி, தர்காக் கொடிமரம் இவற்றுக்கு ஊர் கூடிப் பேசித்தான் முடிவு. தனி ஆள் பெயரில் பணம் போட்டால் அந்த ஊரில் சண்டை நிச்சயம்.

கடைசியாக, இடிக்கும் நாள். பழைய வீட்டின் மரம், ஓடு, கதவு நிலை எல்லாம் வீட்டுக்காரருக்கே சேர வேண்டும். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் திட்டங்களில் அதன் மதிப்பை இழப்பீட்டில் கழிக்கவும் கூடாது. ஆனால் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தால்தானே? பணம் கணக்கில் ஏறி, ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல் என்ற தகராறெல்லாம் தீர்ந்த பிறகே ஜேசிபிக்குத் தேதி குறிக்க வேண்டும். வைரம் பாய்ந்த பனங்கைகள், அதாவது பனை மரச் சட்டங்கள், கூரையில் அறுபது எழுபது வருஷம் நிற்பவை. ஓட்டை இறக்கி, குறுக்குச் சட்டம் பிரித்து, ஒவ்வொரு கையாக ஆணி கழற்றிச் சேதமில்லாமல் இறக்க நாலு ஆளுக்கு இரண்டு நாள் ஆகும். இறக்கினால் புது இடத்தில் அப்படியே ஏற்றலாம். ஜேசிபிக்கு அரை மணி நேரம் போதும். பிறகு கிடப்பது விறகு.