லினக்ஸில் எடிட்டர் மாற்றிய மூன்று வாரம்: எங்கெல்லாம் சிக்கினேன்

இணையதள நிரல் எழுத முதலில் பிராக்கெட்ஸ் எடிட்டரில் இருந்தேன். 2021 செப்டம்பர் 1-உடன் அதற்கு ஆதரவு நின்றது. ஆட்டம் எடிட்டருக்கு மாறினேன். 2022 டிசம்பர் 15 அன்று அதையும் நிறுத்தி, மூலநிரலைக் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். ஜனவரியில் ஒரு பேக்கேஜ் (கூடுதல் வசதி) போடலாம் என்று திறந்தால் பட்டியலே வரவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு எடிட்டர்கள் கையைவிட்டுப் போனதில் மனசே விட்டுப்போனது. விசைக்குறுக்குகள் விரலுக்குப் பழகி, வண்ணங்கள் கண்ணுக்குப் பழகியபிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்குவது சின்ன வேலை இல்லை.

ஆட்டம் எம்ஐடி உரிமத்தில், அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற உரிமத்தில், இருந்ததால் அதன் நிரலை எடுத்து ‘பல்சர்’ என்ற பெயரில் சிலர் தொடர ஆரம்பித்திருந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் அப்போது அது தொடக்க நிலையில் இருந்தது; என் கையிலோ கெடு வைத்த வேலை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு முழுக்கத் தமிழில் இணையதளம், வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பும், கோப்பைச் சேமித்ததும் உலாவியில் மாற்றத்தைக் காட்டும் ‘வீட்’ என்ற கருவியும் வைத்து. அதனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். நடத்துபவர் கைவிட்டால் இன்னொருவர் எடுத்து நடத்த உரிமம் இடம் தர வேண்டும். தமிழ் எழுத்து சிதையாமல் தெரிய வேண்டும்.

என் மடிக்கணினி மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட் 20.3. இந்தப் பதிப்பு எண்ணை மறந்துவிடாதீர்கள், பாதித் தொல்லை அதிலிருந்துதான் வந்தது.

முதலில் நியோவிம், டெர்மினலுக்குள் (கட்டளை அடிக்கும் திரைக்குள்) ஓடும் எடிட்டர். நண்பர் ஒருவர் தன் அமைப்புக் கோப்பை அப்படியே அனுப்பினார். ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக நிறுவி, கோப்பைப் போட்டுத் திறந்தால் திரை நிறையப் பிழைச் செய்தி. ஒரு மாலை முழுக்கக் கோப்பில்தான் தப்பு என்று வரி வரியாக நீக்கிப் பார்த்தேன். கடைசியில் பதிப்பைப் பார்த்தால் 0.4.3. நிரலில் பிழை காட்டி, சொல் பரிந்துரைக்கும் மொழிச் சேவையகத்துக்கான ஆதரவு நியோவிமுக்குள்ளேயே வந்தது 2021 ஜூலையில் வெளியான 0.5-இல்தான். மின்ட் 20 எடுப்பது உபுண்டு 20.04-இன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து, அங்கே பழையதுதான் இருக்கும். யாருடைய அமைப்புக் கோப்பை வாங்கினாலும் அவர் வைத்திருக்கும் பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். நிறுவாமலே ஓடும் ஆப்இமேஜ் கோப்பாகப் புதிய பதிப்பை இறக்கி அதைச் சரிசெய்தேன். ஆனால் டெர்மினலில் தமிழ் தெரிந்த விதம் தாங்கவில்லை. எழுத்து ஒரு கட்டத்தில், அதன் கொம்பு அடுத்த கட்டத்தில். நாள் முழுக்கத் தமிழ் வாசகம் திருத்துகிறவனுக்கு அது ஆகாது.

கேட் எடிட்டரில் தமிழ் அருமையாகத் தெரிந்தது, வேகமும் நன்றாக இருந்தது. ஆனால் களஞ்சியத்தில் இருந்தது 19.12, வியூ கோப்புகளுக்கு மொழிச் சேவையகத்தை நானே ஜேசான் என்ற அமைப்பு வடிவில் எழுதி இணைக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் முயன்று விட்டுவிட்டேன். ஜீனி என்ற எடிட்டர் இலகுவானது, சின்னத் திருத்தங்களுக்கு இன்றும் வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் விஎஸ்கோடியம். மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டரின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது; நாம் இறக்கி நிறுவும் தயார்நிலைத் தொகுப்புக்கு மட்டும் வேறு உரிமம், கூடவே பயன்பாட்டுத் தரவு அனுப்பும் ஏற்பாடு. அதே மூலநிரலிலிருந்து அந்த ஏற்பாட்டை அணைத்துத் தொகுத்து, எம்ஐடியிலேயே தருவது விஎஸ்கோடியம். என் முதல் நிபந்தனைக்குப் பொருந்தியது.

மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் தேடினேன், வந்தது, நிறுவு என்று அழுத்தினேன். அங்கேதான் தப்பு செய்தேன். அது ஃப்ளாட்பேக் என்ற தனி வகைத் தொகுப்பு. உள்ளே டெர்மினலைத் திறந்து, நோடின் தொகுப்பு மேலாளரான என்பிஎம்மை ஓட்டினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, அதாவது அப்படி ஒரு கட்டளை இல்லை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நிரலான நோட் என்று அடித்தாலும் அதே. வெளியே சாதாரண டெர்மினலில் நோட் ஒழுங்காக ஓடுகிறது. நோடை இரண்டு முறை நீக்கி நிறுவினேன், நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாதை மாறியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் எளிது. ஃப்ளாட்பேக் செயலி தனிக் கூண்டுக்குள் ஓடுகிறது. அதற்குத் தெரியும், நிரல்கள் இருக்கும் ‘யூஎஸ்ஆர்’ அடைவு நம் கணினியுடையது இல்லை, கூண்டுக்குள் இருக்கும் வேறொன்று. நான் நிறுவிய நோட் அங்கே இருக்க வழியே இல்லை. நோடுக்கான தனி நீட்டிப்பை ஃப்ளாட்பேக்கிலேயே நிறுவி இயக்கலாம், கூண்டுக்கு வெளியே கட்டளையை அனுப்பவும் வழி உண்டு. இணையதள வேலைக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம் என்பதே என் கருத்து. நீக்கிவிட்டு, விஎஸ்கோடியத்தின் டெப் (மின்ட்டின் வழக்கமான தொகுப்பு வகை) களஞ்சியத்தைச் சேர்த்து ஆப்ட் வழியாக நிறுவினேன். பத்து நிமிடம்.

நீக்குவதற்கு முன் ஒன்று கவனியுங்கள்: ஃப்ளாட்பேக்கில் செய்த அமைப்புகள் வீட்டு அடைவில் ‘.வார்’ என்ற மறைவான அடைவுக்குள் தனியாக இருக்கும். டெப் தொகுப்பு பார்ப்பது ‘.கான்ஃபிக்’ அடைவை. நான் நகலெடுக்காமல் விட்டதால் நான்கு நாள் அமைப்பை மறுபடி செய்தேன்.

நீட்டிப்புகள் எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலிருந்து வரும். நிரலில் தவறு காட்டும் ஈஎஸ்லின்ட், நிரலை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர் எல்லாம் இருந்தன. ஒரே பெயரில் வேறு ஆள் போட்டதும் இருக்கக்கூடும், வெளியிட்டவர் யார் என்று பார்த்து நிறுவுங்கள். தொலைவிலுள்ள சர்வரில் நேரடியாக வேலை செய்ய உதவும் விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்டிப்பு கிடைக்காது, அது திறந்த உரிமத்தில் இல்லை. சர்வரில் சின்னத் திருத்தத்துக்கு நான், சர்வரின் அடைவை நம் கணினி அடைவுபோல் காட்டும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் வைத்துச் சமாளிக்கிறேன்.

இனிமேல் சுகம் என்று நினைத்த வாரத்தில்தான் பெரிய அடி.

கோப்பைச் சேமித்தால் உலாவியில் மாற்றம் வரவில்லை. வீட் நின்றுபோயிருந்தது. டெர்மினலில் பிழையின் கடைசி வரியில் ‘ஈஎன்ஓஎஸ்பிசி’. அந்தக் குறிக்கு அர்த்தம் இடம் இல்லை என்பது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நம்பி, பழைய வீடியோக்கள், ஐஎஸ்ஓ கோப்புகள் என்று ஒரு மணி நேரம் அழித்தேன். மறுபடி ஓட்டினால் அதே பிழை. அப்புறம்தான் அந்த வரிக்கு மேலே இருந்த ‘வாட்ச்’ என்ற சொல் கண்ணில் பட்டது.

இங்கே தீர்ந்துபோனது டிஸ்க் இடம் இல்லை, ஐநோடிஃபையின் எண்ணிக்கை. கோப்பு மாறினால் நிரலுக்குச் சொல்வது லினக்ஸின் மையநிரலான கர்னலின் ஐநோடிஃபை வசதி. ஒரு பயனர் எத்தனை இடங்களைக் கண்காணிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. என் கணினியில் 8192. எடிட்டர், வீட் எல்லாம் சேர்ந்து இந்த ஒரே கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். நானோ எல்லா வாடிக்கையாளர் வேலைகளும் இருக்கும் தாய் அடைவையே எடிட்டரில் திறந்து வைத்திருந்தேன். கர்னல் 5.11 முதல் ரேமுக்கு ஏற்ப இந்த வரம்பு தானாகவே கூடும், என்னுடையது 5.4.

ஒரு கட்டளையில் வரம்பை 524288 ஆக உயர்த்தினேன். உடனே எல்லாம் ஓடியது. நிம்மதியாகக் கணினியை அணைத்துவிட்டு, மறுநாள் காலை தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துக் கும்பகோணம் போனேன். கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல விலையை மாற்றிக் காட்டுவதாக ஏற்பாடு.

மாற்றினேன், சேமித்தேன், பக்கம் அசையவில்லை. மறுபடி சேமித்தேன்.

“ஏன் தம்பி, நீங்க மாத்தினது இங்க வரலையே?”

“ஒரு நிமிஷம்ண்ணே” என்றேன். டெர்மினலில் மறுபடி ஈஎன்ஓஎஸ்பிசி. கடையில் வாடிக்கையாளர் கூட்டம் ஏறிக்கொண்டே போனது, அவரும் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டளையால் செய்த மாற்றம் கணினியை அணைத்து எழுப்பும்வரைதான் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று வேலை ஒன்றும் நடக்காமல் திரும்பினேன்.

அன்றிரவே அந்த எண்ணை கர்னல் வரம்புகளுக்கான ‘சிஸ்சிடிஎல்’ அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால்தான் நிலைக்கும். சேர்த்தபின் கட்டாயம் ஒருமுறை அணைத்து எழுப்பிச் சரிபாருங்கள். ஒரு கண்காணிப்புக்கு ஏறக்குறைய 1080 பைட் ஆகும். 524288-ம் நிரம்பினால் 540 எம்பி போல ரேம் போகும். குறைந்த ரேம் உள்ளவர்கள் சிறிய எண் வைக்கலாம். அதைவிட முக்கியம், வேலை செய்யும் அடைவை மட்டும் திறப்பது.

எடிட்டர் மாறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் எல்லாப் பக்கத்திலும் ‘சொம்பு’ என்பதைப் ‘பித்தளைச் சொம்பு’ ஆக்கச் சொன்னார். தேடினால் 14 வந்தது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததோ அதைவிட நிறைய. தேடலில் சிக்காத ஒரு ‘சொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை அழுத்தினேன். ‘செ’ என்று நின்றது. நான் தட்டச்சு செய்த ‘சொ’வில் அழுத்தினால் ‘ச’ மட்டும் மிஞ்சியது. புரிந்துவிட்டது. அவர் தந்த விலைப்பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றியது. அதில் ஒகரக் குறி ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பதிவாகியிருக்கிறது. நான் அடித்ததில் அது ஒரே குறி. பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. ரெகெக்ஸ் என்ற வடிவத் தேடலைப் போட்டு, அந்த இரண்டு குறிகளின் யூனிகோட் எண்களைக் கொடுத்து, ஒற்றைக் குறியால் மாற்றினேன். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அதேபோல. மறுபடி ‘சொம்பு’ தேடினேன்: 41.

அடுத்த வாரம் மறுபடி கும்பகோணம். எடிட்டரைத் திறந்து, அவர் சொன்ன விலையை அடித்துச் சேமித்தேன். பக்கத்துத் திரையில் எண் உடனே மாறியது. இன்னொரு விலையும் சொல்லிப் பார்த்தார், அதுவும் மாறியது.

“சரி தம்பி, வெள்ளிச் சாமான் பக்கத்தையும் இப்பவே போட்டுருவோமா?”