பழைய படகின் பின்பலகை

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் ஏற்றி வைத்திருக்கும் எங்கள் பழைய ஃபைபர் படகை, முன்பக்கம் இருவர் குனிந்து நுழைந்து படுக்குமளவு சிற்றறை கொண்ட அந்தப் படகை, மூன்று வாரங்களாகச் சீரமைத்து வருகிறேன். வண்ணம் மட்டுமே மங்கியிருப்பதாக முதலில் தோன்றியது. ஆனால், எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தபோது, மேலே 'டக்'கென்று கேட்ட ஒலி கீழே போகப் போகப் 'பொத்'தென்று மாறியது. பழைய போல்ட் துளைகள் வழியாக ஆண்டுக்கணக்கில் இறங்கிய நீர் உள்ளிருந்த பிளைவுட்டை ஊறவைத்திருந்தது. திருப்புளியால் குத்தினால் கறுத்த சக்கையாக உதிர்ந்தது.

அறைக்கு மெத்தையும் விளக்கும் வாங்கத் துடித்த மைத்துனரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காக எப்பாக்சி என்னும் இறுகும் பிசினால் ஒட்டினோம். போல்ட் துளைகளைப் பெரிதாக இட்டு, எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவே மறுபடியும் துளைத்தோம். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. வாங்கியிருப்பது, நீரைத் தள்ளும் விசிறிவரை இறங்கும் தண்டு நீண்டிருக்கும் 'நீளத்தண்டு' எஞ்சின் என்பதால், பலகையின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 20 அங்குலமாக்கினோம். விசிறிக்கு மேலுள்ள தட்டு ஏறத்தாழப் படகின் அடிமட்டத்தோடு நிற்க வேண்டும். மிக உயர்ந்தால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுழலும், மிகத் தாழ்ந்தால் இழுவை கூடிப் பெட்ரோலைக் குடிக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பழையதைவிடக் கனம். பின்பக்கம் அமிழாதிருக்க, பேட்டரியை முன்னறைக்கு மாற்றுகிறோம். மைத்துனரின் மெத்தைக்குத்தான் இடம் குறைந்துவிட்டது.