வலிக்காத பல்லுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்

தர்மபுரியில் பல் மருத்துவராக இருக்கிறேன். பல் போன இடத்தில் எலும்புக்குள் இம்ப்ளான்ட் என்ற டைட்டானியம் ஸ்க்ரூவை வைத்து, அதன்மேல் பல் போன்ற கேப்பை மாட்டி முடிக்கும் அன்று பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "இது எத்தனை வருஷம் வருங்க டாக்டரம்மா?" ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதன்முதலாக ஒருவருக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் நன்றாகவே இருந்தன. நாற்பது வருடத்துக்கு மேல். இதைச் சொன்னதும் கேட்பவரின் முகம் மலர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் மீதி விஷயத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

"ஸ்க்ரூ பல்லு சொத்தை ஆகாதில்லைங்க?" என்பார்கள். ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த ஸ்க்ரூ நிற்பது எலும்பில், எலும்பை மூடியிருப்பது ஈறு. அவை இரண்டும் கெட்டுப்போகக்கூடியவை. சொந்தப் பல்லில் ஈறையும் எலும்பையும் வேரோடு தைத்து வைத்தது போல நார்கள் இருக்கும். இம்ப்ளான்டில் அந்தத் தையல் கிடையாது. ஈறு அதை ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அழுக்குப் படிந்தால் கிருமி சுலபமாக உள்ளே இறங்கிவிடும். பெரும்பாலும் வலியும் இருக்காது. எலும்பு பாட்டுக்குக் கரைந்துகொண்டே போகும். பல் ஆட ஆரம்பித்த பிறகு வருபவர்களுக்கு, பெரும்பாலும் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மருமகளோடு வந்திருந்தார். கீழ்க் கடைவாயில் இரண்டு இம்ப்ளான்ட். "ரெண்டு வேளையும் தேய்க்கிறேம்மா, ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். தேய்த்துத்தான் இருந்தார், வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, இரண்டு கேப்புக்கும் நடுவில் ஈறை ஒட்டினாற்போல் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், கம்பியைச் சுற்றி முடி வைத்த ஒரு சின்ன இன்டர்டென்டல் பிரஷை விட்டு எடுத்தேன். அதன் முடிகளில் வெள்ளையாக மாவு போல அழுக்கு, நுனியில் ரத்தம். "மாமா, பாருங்க!" என்று மருமகள்தான் முதலில் பதறினார். எக்ஸ்ரேயில் எலும்பு பழைய மட்டத்திலேயே இருந்தது. அதாவது வீக்கம் ஈறோடு நின்றிருந்தது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் முழுவதும் சரியாக்கிவிடலாம். எலும்புக்குப் போய்விட்டால், போன எலும்பை மீட்பது பெரும் பாடு.

சுத்தம் செய்த பிறகு அவரையே பிரஷைப் பிடிக்கச் சொன்னேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்கு அந்தத் துளியூண்டு கைப்பிடி நழுவிக்கொண்டே இருந்தது. கம்பியைக் கொஞ்சம் வளைத்து, நீளக் கைப்பிடி உள்ளதாக மாற்றிக் கொடுத்த பிறகு, சரியான இடத்தில் நுழைத்துவிட்டார். வாயால் சொல்லி அனுப்பினால் யாருக்கும் இது வராது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் கையால் செய்துபார்க்க வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நடுக்கம்பிக்குப் பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும். வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறிவிடும், கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஊக்கு, குச்சி இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பழக்கமும் இதில் குறுக்கே வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். சின்ன வயதில் பல் உருவாகும்போதே ஏறிய அந்தப் பழுப்புக் கறை தேய்த்தால் போகாது. ஆனாலும் போக்கிவிட வேண்டும் என்று கரி, சாம்பல், செங்கல் பொடி என்று வருடக்கணக்கில் அழுத்தித் தேய்த்த கைகள் அவை. கறையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டவர்களின் கை. புதுப் பல் வெள்ளையாக வந்ததும் அதே வேகத்தில் அதையும் தேய்க்கிறார்கள். கேப்பின் பளபளப்பு போய்விடும், ஈறு இறங்கிவிடும். இம்ப்ளான்டில் அந்தக் கறை வரவே வராது, மென்மையான பிரஷே போதும் என்று இவர்களுக்கு நான் தனியாக உட்காரவைத்துச் சொல்கிறேன்.

பீடி, சிகரெட், புகையிலை போடுபவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஈறு நோயாலேயே முன்பு பல்லை இழந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அவர்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறேன், மற்றவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இரவில் பல்லைக் கடிப்பவர்கள், தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு போட்டே ஆக வேண்டும்.

அப்புறம், இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று எழுதிய அட்டையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், பெற்றோரும் பின்னாடியே போய்விடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அங்கே ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகும் கருவி வேறு வேறு. அட்டை இருந்தால் சின்ன வேலையாக முடிந்துவிடும். இல்லையென்றால் அங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டையை போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.